பாக்கெட்டம்மாவின் நோட்டு

அந்தத் தெருவில் "தையல்காரம்மா" என்று கூப்பிட்டால் அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள். "பாக்கெட்டம்மா" என்றால்தான் நின்று திரும்புவாள். தான் உடுத்தும் ஒவ்வொன்றிலும் வலது இடுப்புக்குக் கீழே ஒரு பாக்கெட் வைத்துத் தைத்துக்கொள்வது அவள் வழக்கம். மழைக்கோட்டும் தப்பாது, வீட்டு நைட்டியும் தப்பாது. அந்தப் பாக்கெட்டில் சாவி இருக்காது, கைக்குட்டை இருக்காது. உள்ளங்கை அளவு நோட்டு ஒன்றும், அதன் முதுகை ஒட்டி ஒரு பேனாவும் இருக்கும். ஊரார் பாக்கெட்டுக்குத் தக்க நோட்டு வாங்குவார்கள். இவள் நோட்டை வாங்கி வந்து, டேப் வைத்து அளந்து, அதற்குத் தக்க பாக்கெட் தைப்பாள்.

அவள் புருஷன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். இருபது வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்டும் வண்டிக்குத் தன் வலது காலால் பிரேக் போட்டவர். அந்தக் கால் வீட்டிலும் சும்மா இருக்காது. பால் பொங்கி வந்தால்கூடத் தரையை ஒரு மிதி மிதிக்கும். அதனால் தெருவில் அவருக்குப் பிரேக் வாத்தியார் என்று பெயர். பெண்டாட்டியின் நோட்டுப் பைத்தியத்தை ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பதும் அவர்தான், அந்த நோட்டை வேறு யாராவது குறைசொன்னால் சண்டைக்குப் போவதும் அவர்தான்.

சிரிக்கத்தான் தோன்றும், அவள் நோட்டு வாங்கும் அழகைப் பார்த்தால். நூல் வைத்துத் தைத்த நோட்டுதான் வேண்டும். பசை போட்டு ஒட்டியது திறந்த இடத்தில் நிற்காமல் வாயை மூடிக்கொள்ளும். கம்பிச்சுருள் போட்டது துணியில் மாட்டி இழையை இழுத்துவிடும். முனைகள் உருண்டையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நாலே மாதத்தில் பாக்கெட்டின் மூலையைக் குத்திக் கிழிக்கும். தாள் வழவழத்தால் மை காயாது, சொரசொரத்தால் மை ஊறிப்போகும். கடையில் நின்று நடுப்பக்கத்தைத் திறந்து, கட்டைவிரலால் தடவி, கண்ணை மூடிக்கொள்வாள். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட யாரும் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதில்லை என்பார் வாத்தியார். நோட்டு பிடித்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் அவள் முகமே தனி. சமையலறையில் நின்றபடி இரண்டு தரம் அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொள்வாள்.

நோட்டு கிடைத்துவிடும். பேனா கிடைப்பதுதான் பெரும்பாடு. அவள் எழுதுவது மேசையில் உட்கார்ந்து எழுதும் எழுத்தா? எதிரே ஆள் கையை விரித்து நிற்பார். இவள் கழுத்தில் டேப், வாயில் நாலு குண்டூசி, இடது உள்ளங்கையில் நோட்டு. பால்பாயிண்ட் அழுத்தினால்தான் எழுதும், அழுத்தினால் நோட்டு கையிலிருந்து நழுவும். ஜெல் பேனா வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் வியர்த்த விரல் பட்டால் முப்பத்தெட்டு முப்பதாகிவிடும். பென்சில் கரி வெள்ளைத் துணியில் ஏறும். மைப்பேனா ஒன்றை ஆசை ஆசையாக வாங்கினாள். அது ஒரு தபால் அதிகாரியின் வெள்ளைச் சட்டையில், சரியாக வயிற்றுக்கு நடுவில், ஒரு சொட்டு போட்டது. அவர் அதோடு வேறு தையல்காரரிடம் போய்விட்டார்.

முக்கிலிருக்கும் காகிதக் கடைக்காரருக்கு அவள் தலை தெரிந்தாலே கொட்டாவி வந்துவிடும். ஒவ்வொரு பேனாவாக வாங்கி எட்டு எழுதிப் பார்ப்பாள். எட்டின் இரண்டு வயிறும் திறந்திருக்கவேண்டும். பிறகு அரை, முக்கால் எல்லாம் குட்டிக் குட்டியாக எழுதுவாள். மூன்று எண்ணிவிட்டுக் கட்டைவிரலால் தேய்ப்பாள்.

"அம்மா, இது பேனாக் கடையா, பேனாவுக்குப் பரீட்சை வைக்கிற பள்ளிக்கூடமா?" என்பார் கடைக்காரர்.

"எட்டு மூணா மாறிப்போனா அப்புறம் அந்தச் சட்டைக்குள்ள நீங்களா நுழைவீங்க?" என்பாள் அவள்.

கடைசியில் பேனா கிடைத்தது. அதுவும் எங்கே? அவள் தையல் மேசையிலேயே. துணியில் வெட்டுக் கோடு போடுவதற்கென்று ஒரு பேனா வைத்திருந்தாள். அதன் மை சூடு பட்டால் மறைந்துபோகும். கோடு போட்டு, தைத்து, கடைசியில் இஸ்திரி போட்டால் கோடு இருந்த தடம் தெரியாது. பின்னாலிருக்கும் ரப்பர் முனையால் தேய்த்தாலும் தேய்க்கிற சூட்டுக்கே அழிந்துவிடும். ஒருநாள் அவசரத்துக்கு அதையே எடுத்து நோட்டில் எழுதினாள். எட்டு எட்டாகவே நின்றது. மூன்று எண்ணுவதற்குள் காய்ந்தது. வாடிக்கையாளர் துணியில் கோடு விழுந்தாலும் கவலை இல்லை, இஸ்திரிப்பெட்டி பார்த்துக்கொள்ளும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். காகிதக் கடைக்காரரிடம் அந்தப் பேனாவில் ஒரு டஜன் சொன்னாள். பரீட்சை முடிந்துவிட்டதே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. அழித்த இடத்தின் மேல் மறுபடி எழுதமாட்டாள். தேய்த்த தாள் இளகிப்போயிருக்கும், அதில் எழுதினால் எண் பிசிறடிக்கும் என்பாள். அளவு மாறினால் பழையதை அழித்துவிட்டு, ஒரு வரி கீழே தள்ளிப் புதியதை எழுதுவாள். ஒரு வருடத்துக்கு ஒரு நோட்டு. எழுத்து எறும்பு ஊர்ந்தாற்போல் இருக்கும்.

வாத்தியாருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது அந்தப் பேனா வந்த பிறகுதான். எட்டு மாதம் வண்டிப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மனுஷருக்கு வலியைவிடப் பயம் பெரிது. அவருடைய அண்ணனுக்கும் இதே வியாதிதான் வந்தது. அண்ணனின் சட்டை முதலில் தோளில் தொளதொளத்தது, பிறகு கழுத்தில், அப்புறம் ஆறே மாதம். அதை இவர் கூடவே இருந்து பார்த்தவர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு பெண்டாட்டியிடம் சொன்னார்: "பாரு, எனக்கும் சட்டை தொளதொளத்துச்சுன்னா கதை முடிஞ்சுதுன்னு வச்சுக்கோ. அப்புறம் மருந்து, கஞ்சின்னு என்னைப் படுத்தாத."

எடை பார்க்கும் மெஷினில் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவார். நர்ஸ் வாயைத் திறப்பதற்குள் காதைப் பொத்திக்கொள்வார். முகத்தில் தாடி வளர்ந்து கன்னத்தை மூடிவிட்டது. அவர் நம்பியது சட்டையை மட்டும்தான். தினமும் காலையில் பித்தானைப் போட்டுவிட்டுத் தோளை ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்ப்பார். கச்சிதமாக இருக்கும். அந்தத் தைரியத்தில் உப்புச் சப்பில்லாத கஞ்சியை உள்ளே தள்ளுவார். பார்க்க வருகிறவர்களிடம் மார்தட்டிக்கொள்வார். "வயித்தக் கிழிச்சுத் தச்சாங்க. ஆனா இந்த உடம்பு கால் இஞ்ச் குறையலையே! எங்கம்மா வளர்த்த உடம்பு!" பாக்கெட்டம்மா உள்ளேயிருந்து, "ஆமா, கல்லு மாதிரி இருக்காரு, கண்ணு போடாதீங்க" என்று குரல் கொடுப்பாள்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் முன்னறையில், அவள் வெட்டும் மேசைக்கு எதிரே, நாற்காலி போட்டுக்கொண்டார். இரண்டு கையும் துணியில் இருக்கும் அவளுக்கு நோட்டைப் பார்த்து அளவு படித்துச் சொல்வது அவர் வேலை. பகல் சாப்பாடு, மாத்திரை, ஒரு தூக்கம், மறுபடி நோட்டு. படிக்கப் படிக்கத்தான் அவருக்கே தெரிந்தது, இருபது வருடமாகத் தான் கேலி செய்த நோட்டில் என்ன இருக்கிறது என்று. வெறும் எண்ணா அது? "இடது தோள் அரை இஞ்ச் தாழ்வு, அவருக்குத் தெரியாது, சொல்லாதே." "குனிந்தே நடக்கிறாள், முதுகில் கூட வை." "கழுத்தில் தழும்பு, காலர் உயரமாக." ஒவ்வொருவரின் குறையையும் குறித்து வைத்துக்கொண்டு, அது வெளியே தெரியாமல் தைத்துக் கொடுத்திருக்கிறாள். இவள் சாதாரண ஆள் இல்லை என்று அவர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். வெளியே சொல்லவில்லை, அவருக்கும் கௌரவம் உண்டல்லவா?

அந்த வருடம் அவளுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. முப்பத்தாறு பேர் சேர்ந்து பாடும் குழு ஒன்று, மேடைக்கு ஒரே மாதிரி கோட்டு கேட்டது. ஒரே மத்தியானத்தில், அவர்கள் பஸ் ஏறுவதற்குள், முப்பத்தாறு பேரையும் நிற்க வைத்து அளவெடுத்தாள். மூன்று வாரம் ஊர் ஊராகப் பாடிவிட்டு, கச்சேரி நாள் காலையில்தான் திரும்புவார்கள். வந்து போட்டுக்கொண்டு நேரே மேடை ஏறவேண்டும். போட்டுப் பார்த்துத் திருத்த நேரம் கிடையாது. 'அளவு தப்பாத கை' என்று அவள் வாங்கிவைத்த பேர் முழுவதும் அந்தக் குட்டி நோட்டுக்குள் இருந்தது.

துணி வந்து இறங்கிய அன்று வெட்டத் தொடங்கினாள். வாத்தியார் நோட்டை மேசைமேல் விரித்து முதல் ஆளைப் படித்தார். படித்தவர் சும்மா இருந்திருக்கலாம். தன்னிடம் படித்த ஒரு ஆள் வண்டியைப் பின்னால் எடுத்துப் பூந்தொட்டிக் கடைக்குள் விட்ட கதையைக் கைவீசிச் சொல்ல ஆரம்பித்தார். முழங்கை பட்டு, அவருடைய வெந்நீர்ப் பாத்திரம் நோட்டின் மேல் சரிந்தது. இருபது வருடம் அடுத்தவர் எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொண்ட மனுஷர், வீட்டுக்குள் இடித்துவிட்டார். வலது கால் தரையை மிதித்தது. பயன் இல்லை.

"ஒண்ணும் ஆகலை, பதறாதீங்க" என்றாள் பாக்கெட்டம்மா. வெந்நீர் ஆறித்தான் இருந்தது. எண்கள் அசையாமல் நின்றன. தாள்தான் ஊறிப்போயிருந்தது.

நனைந்த நோட்டை என்ன செய்வது என்று யாரைக் கேட்டாலும் ஃபேனுக்கு அடியில் வை என்பார்கள். தையல்காரியின் கை அப்படி யோசிக்காது. சுருங்கிய காகித மாதிரிகளையும் ஈரமான துணியையும் ஆயிரம் தடவை சரிசெய்த கை அது. ஈரத்தாளைப் பிரித்தால் கிழியும் என்று, பத்துப் பத்துத் தாளாக மெல்லிய வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்து, இஸ்திரிப்பெட்டியைப் பதமான சூட்டில் வைத்து, இரண்டு பக்கமும் நிதானமாக அழுத்தினாள். ஆவி பறந்தது. நோட்டு அட்டை மாதிரி நேராக வந்தது. பெருமையோடு திறந்தாள்.

வெள்ளை. அச்சடித்த கோடுகளைத் தவிர ஒரு புள்ளி இல்லை.

இஸ்திரி பட்டால் மறையும் மை என்று அவளுக்குத் தெரியாதா? அதற்காகவே அந்தப் பேனாவை வாங்கியவள். ஆனால் அது துணிப் புத்தி. நனைந்தால் இஸ்திரி போடு என்பது கைப் புத்தி. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தும் அன்றைக்கு வரை ஒன்றையொன்று சந்தித்ததில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவள் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்பினாள். அதுவும் வெள்ளை. ஏன் கடைசிப் பக்கம் என்று வாத்தியாருக்கு அப்போது தோன்றவில்லை. பிறகு பேயறைந்தவள்போல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"முப்பத்தாறு பேருங்க. என் கையாலேயே அழிச்சுட்டேன்."

"தண்ணியக் கொட்டுனது நான். என்னைத் திட்டு."

திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தாள். ஒன்பது பேர் வந்தார்கள். பத்தாவது ஆளில் கை நின்றுவிட்டது.

"போன் போட்டு அளவு கேட்டா என்ன?"

"தன் இடுப்பைத் தானே அளந்து உண்மை சொன்ன ஆளை நீங்க பார்த்திருக்கீங்களா?"

அவர் பார்த்ததில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே காகிதக் கடைக்குப் போனார். வாங்கின இடத்தில் நாலு கேள்வி கேட்டால்தான் மனசு ஆறும் போலிருந்தது.

"என்ன பேனா விக்கிறீங்க? சூடு பட்டா மொத்தமும் காணோம்!"

கடைக்காரர் எழுந்தே வந்துவிட்டார். "நல்லா இருக்கு சார் நியாயம்! நீங்க அழிஞ்சுபோச்சுன்னு சண்டைக்கு வர்றீங்க. போன மாசம் மீன் கிடங்குல வேலை பார்க்கிறவர், அழியவே மாட்டேங்குதுன்னு சண்டைக்கு வந்தாரு. தேய்ச்சு அழிச்சதெல்லாம் கிடங்குக்குள்ள போனா திரும்பி வருதாம். பேனாவை மூஞ்சியில விட்டெறிஞ்சுட்டுப் போனாரு. எவனுக்குத்தான் நான் பதில் சொல்றது?"

வாத்தியாரின் கால் பிரேக்கை மிதித்தது. "கிடங்குன்னா... குளிர்க் கிடங்கா?"

"பின்ன, மீனை என்ன வெயில்லயா காயப்போடுவாங்க?"

வந்த வேகத்தில் திரும்பினார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் அவ்வளவு வேகமாக நடந்தது அன்றுதான். வீட்டு ஐஸ் பெட்டிக்குள் நோட்டை வைத்துவிட்டு, இரண்டு பேரும் அதன் எதிரே நின்றார்கள். அரைமணி கழித்து எடுத்தபோது, நடுப்பக்கத்தில் புகைபோல ஏதோ தெரிந்தது. அவள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"எட்டுங்க! எட்டோட வயிறு தெரியுது!"

"இந்தக் குளிர் பத்தலை. ஐஸ்கிரீம் கடைப் பெட்டிக்குக் கொண்டு போறேன்."

அவள் நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தாள். கொடுத்த கை உடனே விடவில்லை. "அங்க வச்சுத் திறக்காதீங்க. குளிர் போயிடும். அப்படியே கொண்டாந்துடுங்க."

ஐஸ்கிரீம் கடைக்காரர், "வாத்தியாரே, இதென்ன புது டேஸ்ட்டா?" என்று கேட்டுவிட்டு, வெனிலா வாளிக்கும் சாக்லெட் வாளிக்கும் நடுவில் நோட்டைச் செருகினார். வாத்தியார் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு காவல் உட்கார்ந்தார். குழந்தைகள் வந்தார்கள், போனார்கள். ஒவ்வொரு தடவை மூடி திறக்கும்போதும் அவர் எழுந்து எட்டிப் பார்த்தார். இரண்டு மணிநேரம் போனது.

திறக்காதே என்று சொன்னால் திறக்காமல் இருப்பது மனுஷனால் ஆகிற காரியமா? வெளியே எடுத்ததும் முதல் பக்கத்தைப் பிரித்தார். தெளிவாக, கொஞ்சம் வெளிறி, எல்லாம் இருந்தது. முதல் ஆள், இரண்டாம் ஆள், அவர்கள் தோள், அவர்கள் கூன். அழித்ததும் கூடவே எழுந்து வந்திருந்தது. தடித்த குரல் பாடகர் ஒருவருக்கு இடுப்பு நாற்பது. அதன் கீழே நாற்பத்திரண்டரை, பக்கத்தில், "மூச்சை விட்டதும்." வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். முப்பத்தாறு பேரையும் எண்ணினார். ஒருவர் குறையவில்லை. அப்பாடா என்று நோட்டை மூடப்போனவருக்கு, அவள் முதலில் திருப்பிய பக்கம் நினைவுக்கு வந்தது.

கடைசிப் பக்கத்தின் தலையில் 'இவர்' என்று எழுதியிருந்தது.

இவ்வளவு நாள் அந்த நோட்டைக் கையில் வைத்துப் படித்தவர் அவர். அந்தப் பக்கத்தில் எப்போதோ ஒருதரம், தலைப்பும் இல்லாமல், ஒரே ஒரு எண்ணைப் பார்த்த ஞாபகம் இருந்தது. ஏதோ திரைச்சீலைக் கணக்கு என்று விட்டுவிட்டார். இப்போது பக்கம் முழுக்க எண்கள், படிக்கட்டு மாதிரி, வரிக்கு வரி கீழே. மார்பு நாற்பது. முப்பத்தொன்பது. முப்பத்தெட்டு. முப்பத்தாறரை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எறும்பு எழுத்து. "தூங்கும்போது எடுத்தது." "நீலச் சட்டை உள்ளே பிடித்துத் தைத்தாயிற்று, கோடு போட்டது நாளை." "காலர் பிரித்து அரை இஞ்ச் குறைத்தது." "பேண்ட் எல்லாம்." முப்பத்தைந்து. அதற்குப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. தாள் மட்டும் ஒரு இடத்தில் வட்டமாகச் சுருங்கியிருந்தது. இஸ்திரிக்கும் அந்தச் சுருக்கம் நீங்கவில்லை.

அதற்குக் கீழே இன்னொரு முப்பத்தைந்து. பிறகு முப்பத்தைந்தரை; "கஞ்சி இரண்டாம் தடவை கேட்டார்." முப்பத்தாறு. முப்பத்தேழு. "பிடித்ததை மறுபடி பிரித்து விட வேண்டும். கடவுளே, நூறு தடவை பிரிக்கிறேன்."

வாத்தியார் ஐஸ்கிரீம் பெட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டார். தான் தினமும் தோளைக் குலுக்கிப் பார்த்ததும், எங்கம்மா வளர்த்த உடம்பு என்று மார்தட்டியதும், உள்ளேயிருந்து அவள் குரல் கொடுத்ததும் வரிசையாக வந்து நின்றன. பகலில் அவர் மாத்திரை போட்டுத் தூங்கிய ஒவ்வொரு நாளும் அவர் அலமாரியிலிருந்து ஒரு சட்டை இறங்கி, அவர் இளைத்த அளவுக்குக் குறுகி, மறுபடி ஏறியிருக்கிறது. அவர் கஞ்சி குடித்தது அந்தச் சட்டைகளை நம்பி. அவர் உயிரோடு நிற்பதும் அதனால்தான் என்று அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. கடைக்காரர், "என்ன வாத்தியாரே, குளிர் ஏறிடுச்சா?" என்றார். ஆமாம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டு வாசலிலேயே அவள் நின்றிருந்தாள். "எல்லாம் வந்துடுச்சா?"

"எல்லாம் வந்துடுச்சு."

அவர் குரலில் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நோட்டை வாங்கி, திறக்காமல், பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.

"திறக்காதீங்கன்னு சொன்னேன்ல?"

"சொன்ன. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள்னுவாங்க. நீ எட்டு மாசம் ஓட்டியிருக்க. லைசென்ஸ் உனக்குத்தான் கொடுக்கணும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நீங்க அப்படிச் சொல்லிட்டீங்களே, சட்டை தொளதொளத்தா முடிஞ்சுதுன்னு... நான் வேற என்ன பண்ணட்டும்? எனக்குத் தெரிஞ்சது தையல்தானே."

 அவர் முன்னறைக்குள் போய், வெட்டும் மேசைக்கு எதிரே, அந்த முப்பத்தாறு பேரும் நின்றமாதிரி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"எடு. முழிச்சிருக்கும்போது ஒருதரம் எடு."

பாக்கெட்டம்மா கழுத்திலிருந்த டேப்பை உருவினாள். சுற்றிக் கொண்டுவந்து மார்பில் சேர்த்தாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, அழியாத பால்பாயிண்ட் ஒன்றைத் தேடி எடுத்து, கடைசிப் பக்கத்தில் ஒரு வரி தள்ளி, அழுத்தி எழுதினாள்: முப்பத்தேழே முக்கால்.